கால்பந்து மைதானத்தைச் சுற்றி 400 மீட்டர் டிராக்: எங்கள் வளாகத்துக்குச் சரிப்படுமா?

வேதியியல் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பெங்களூருக்கு வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். நிர்வாகம் புதிதாக ஒரு வெளி மைதானம் கட்டப்போகிறது. அதற்கான குழுவில் அறிவியல் துறையிலிருந்து ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் மரத்தடி தேடிய ஆள் நான்.

இப்போது இருப்பது செம்மண் மைதானம். விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் சுண்ணாம்புத் தூளில் 200 மீட்டர் வட்டம் போடுவார்கள். ராத்திரி மழை பெய்தால் காலையில் மறுபடி போடுவார்கள். இதற்குப் பதிலாக ஆலோசகர் கொடுத்திருக்கும் வரைபடத்தில் எட்டு லேன் சிந்தெடிக் டிராக், நடுவில் 105-க்கு 68 மீட்டரில் செயற்கைப் புல் கால்பந்து மைதானம், ஒரு பக்கம் 3,000 பேர் உட்காரும் கேலரி. ஒதுக்கியிருக்கும் இடம் ஐந்தரை ஏக்கர்.

போன கூட்டம் முழுக்க கேலரிக் கூரைக்கு எந்த நிறம் என்பதிலேயே போய்விட்டது. கால்பந்தும் ஓட்டமும் ஒரே இடத்தில் ஒத்துப்போகுமா, செயற்கைப் புல் தேவையா, இதில் எது முதலில் கெட்டுப்போகும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஓடியவர்கள், விளையாடியவர்கள், கட்டியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

---

லேன் நாலு

சார், பல்கலைக்கழக அணிக்கு 400 ஓடியவன் நான். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதலில் இடம் போதுமா என்று பார்த்துவிடலாம்.

தரமான 400 மீட்டர் டிராக்கில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் உள்விளிம்பு வரை 36.5 மீட்டர். முதல் லேனில் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளித்தான் தூரத்தை அளப்பார்கள். ஓடுபவரின் கால் அங்கேதான் விழும் என்று கணக்கு. அப்படி அளந்தால்தான் சரியாக 400 வரும். லேன் அகலம் 1.22 மீட்டர். எட்டு லேனும் சேர்த்தால் வெளி அளவு 177 மீட்டர் நீளம், 92.5 மீட்டர் அகலம். இதுவே நாலு ஏக்கர் சாப்பிடும். 110 மீட்டர் தடை ஓட்டத்துக்காக ஒரு நேர்ப்பகுதியை நீட்ட வேண்டும்: புறப்படும் இடத்துக்குப் பின்னால் 3 மீட்டர், முடிகிற இடத்துக்கு அப்பால் 17 மீட்டர், ஆக மொத்தம் 130. நீளம் தாண்டுதலுக்கு மணல் குழி, வேலி, கால்வாய், கேலரி எல்லாம் சேர்ந்தால் உங்கள் ஐந்தரை ஏக்கர் இறுக்கமாக இருக்கும். ஆனால் முடியும்.

என் சந்தேகம் நடுவில் இருக்கும் 105-க்கு 68 மேல். டிராக்கின் உள்ளே அகலம் 73 மீட்டர்தான். பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். மூலையைப் பாருங்கள். கால்பந்து மைதானத்தின் நாலு மூலையும் வளைவுப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் கார்னர் கொடிக்கும் டிராக் விளிம்புக்கும் நடுவில் ஒரு மீட்டர்கூட இல்லை. அந்த விளிம்பில் 5 செ.மீ. உயரத்துக்கு அலுமினியக் கட்டு வேறு இருக்கும். கார்னர் உதைக்கப் பின்னால் போகிற பையன் ஸ்டட் ஷூவோடு டிராக்கில் நிற்பான். பந்தைத் துரத்திக்கொண்டு வருகிறவன் கட்டில் தடுக்கி விழுவான்.

மைதானத்தை 100-க்கு 64 ஆக்கச் சொல்லுங்கள். சர்வதேசப் போட்டிக்கே விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு அது. மூலையில் மூன்றரை மீட்டர் கிடைக்கும், பக்கத்தில் நாலரை.

அப்புறம் செயற்கைப் புல். அதைப் போட்ட அன்றைக்கே ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு மூன்றும் உங்கள் மைதானத்தை விட்டுப் போய்விடும். ஈட்டி குத்தினால் விரிப்பு கிழியும். குண்டு விழுந்தால் அடித்தளமே பள்ளமாகும். 2025 ஜூலையில் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் நீரஜ் சோப்ரா 86.18 மீட்டர் எறிந்து ஜெயித்தாரே, அந்த ஈட்டி விழுந்தது இயற்கைப் புல்லில். அங்கே செயற்கைப் புல் போட்டிருந்தால் அந்தப் போட்டி பெங்களூருக்கு வந்தே இருக்காது.

---

கௌதம்புரம் கீப்பர்

பெலேவுக்குச் சிலை வைத்த ஏரியாக்காரனிடம் டிராக் சுற்றிய மைதானத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? வேண்டாம் என்றுதான் வரும்.

தம்பி மூலையைக் கணக்குப் போட்டார். நான் கோல் பக்கத்தைச் சொல்கிறேன். ஆலோசகரின் 105 மீட்டரையே வைத்துக்கொண்டால் கோல் கோட்டுக்குப் பின்னால் டிராக்கின் உள்விளிம்பு வரைக்கும் 26 மீட்டர் சும்மா கிடக்கும். அதற்கு மேல் எட்டு லேன் ஒரு பத்து மீட்டர். அதற்கும் பின்னால்தான் ஆட்கள். ஒரு கீப்பருக்குப் பின்னால் நின்று கத்துகிற கூட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். கண்டீரவாவில் 2016 ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் பெங்களூரு எஃப்.சி. மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று ஜெயித்த ராத்திரி அவ்வளவு சத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கூட்டத்தின் பலம். அவ்வளவு கூட்டம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருமா சார்? நாற்பது பேர் வந்து நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் விளையாடுகிறவனுக்கு யாரும் இல்லாத மாதிரிதான்.

எங்கள் பக்கத்தில் ஆடியவர்கள் எவரும் ஸ்டேடியத்தில் வளரவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். ஆஸ்டின் டவுன், அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழ் வீடுகளில் இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓடும். அவர்களுக்குக் கிடைத்தது மண் தரையும் பக்கத்திலேயே நிற்கும் ஆட்களும்.

என் யோசனை: கால்பந்துக்குத் தனி மைதானம், நாலு பக்கமும் ஆட்கள் உட்கார மூன்று படிக்கட்டு. டிராக் வேண்டுமானால் வேறு இடத்தில்.

---

லேன் நாலு

அண்ணா, வேறு இடம் எங்கே இருக்கிறது? ஐந்தரை ஏக்கரில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் எட்டு லேன் டிராக் நிச்சயம் அடிபடும். கடைசியில் கால்பந்தும் கிரிக்கெட் வலையும் மிஞ்சும், ஓடுகிற பிள்ளைகள் பழையபடி பார்க்கிங் ரோட்டில் ஓடுவார்கள். எல்லா வளாகத்திலும் இதுதான் நடக்கிறது.

கண்டீரவாவில் தடகளத்துக்கும் கால்பந்துக்கும் எத்தனை வருடம் இழுபறி என்று உங்களுக்குத் தெரியாததில்லை. உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. என்னைக் கேட்டால் அங்கே இடம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. மேட்ச் என்றால் அன்றைக்கு மட்டுமா? முதல் நாள் பயிற்சி, விளம்பரப் பலகை, கேமரா வயர் என்று டிராக் முழுக்கச் சாமான் கிடந்தால் ஓடுபவர்கள் எங்கே போவார்கள்?

---

கௌதம்புரம் கீப்பர்

அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று தெரிந்தும் கேட்கிறாய்.

---

நெறியாளர்

கண்டீரவா விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. இதில் வாத்தியாரின் கேள்வியோடு நிற்போம்.

---

தார்க்கலவை

சிவில் வேலை. சாலைதான் முக்கியத் தொழில். இரண்டு கல்லூரி டிராக்குகளுக்கு அடித்தளம் போட்டிருக்கிறேன். அதனால் மேலே நடக்கும் சண்டையில் கலந்துகொள்ளாமல் கீழே இருப்பதைச் சொல்கிறேன்.

டிராக் என்றால் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது அந்தச் சிவப்பு ரப்பர். அது வெறும் 13 மில்லிமீட்டர். பாலியூரித்தேன் என்கிற பசையில் ரப்பர் மணிகளைக் கலந்து ஊற்றுவது. வாத்தியாருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதற்குக் கீழே இரண்டு அடுக்குத் தார்க் கான்கிரீட், அதற்குக் கீழே ஜல்லிக் கலவை, அதற்குக் கீழே இறுக்கிய மண். செலவுப் பட்டியலில் மேல் 13 மில்லிமீட்டருக்கு மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி இருக்கும், கீழே உள்ள முக்கால் மீட்டருக்கு ஒரே வரி இருக்கும். டிராக் கெட்டுப்போகிற கதை அந்த ஒரே வரியில் தொடங்குகிறது.

சரிவு பற்றிக் கேளுங்கள். குறுக்குவாட்டில் உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 100 மீட்டர் ஓட்டத்தில் முதலுக்கும் கடைசிக்கும் 10 செ.மீ.தான் வித்தியாசம் இருக்கலாம். இவ்வளவு குறைந்த சரிவில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் தார் போடுகிற ஆள் ரோடு போடுகிற கையோடு வரக்கூடாது. மழைத் தண்ணீர் உள்விளிம்புக்கு வந்து, அங்கே மூடியிட்ட கால்வாயில் இறங்கி வெளியே போக வேண்டும். நடுவில் இருக்கும் கால்பந்து மைதானத்தின் தண்ணீரும் அதே கால்வாய்க்குத்தான் வரும். ஆகவே கால்வாயின் அகலம் இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்காக இருக்க வேண்டும். டிராக் ஒரு கம்பெனி, புல் ஒரு கம்பெனி என்று பிரித்துக் கொடுத்தால் கால்வாய் யாருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

ரப்பர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தார் மேல் லாரித் தண்ணீரை விட்டு, கொஞ்ச நேரம் கழித்து எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். எல்லா வட்டமும் சரியான பிறகுதான் ரப்பர். இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

பருவம் இன்னொன்று. பாலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி விடும். தாரில் ஈரம் மிச்சம் இருந்தாலும் ஆறு மாதம் கழித்து அங்கங்கே உப்பும். நம் ஊரில் மே மாதமே மழை பிடிக்கும், செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். ரப்பர் வேலைக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் நிம்மதி. சுதந்திர தினத்துக்குத் திறப்பு விழா என்று யாராவது தேதி வைத்திருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

இடம் முன்பு ஏரியாக இருந்ததா, ஏரிக்குப் போகும் வாய்க்காலா என்றும் பாருங்கள். பெங்களூர் ஸ்டேடியங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கண்டீரவா நிற்பது சம்பங்கி ஏரியில், ஹாக்கி ஸ்டேடியம் நிற்பது அக்கித்திம்மனஹள்ளி ஏரியில். ஏரியை மூடலாம், அங்கே வருகிற தண்ணீருக்கு யார் சொல்வது?

---

சும்மா பார்ப்பவன்

கூரை நிறம் என்ன முடிவாச்சு?

---

வேதியியல் வாத்தியார்

நீலம் முன்னணியில் இருக்கிறது.

தார்க்கலவை சார், குமிழி விஷயம் எனக்கே உறைக்க வேண்டியது. பாலியூரித்தேன் கலவையில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதுதான் குமிழி. குழுவில் நான் உருப்படியாகப் பேசக்கூடிய ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது. நிலத்தின் மட்ட அளவு வரைபடம் கேட்டிருக்கிறேன். தென்கிழக்கு மூலை மழைக்காலத்தில் சொதசொதவென்று இருக்கும் என்று தோட்டக்காரர் சொல்கிறார்.

---

ஹாஸ்டல்வாசி

நான் வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன், 800 மீட்டர் ஓடுகிறேன். எங்களிடம் நல்ல டிராக் இருக்கிறது. அதில் எங்களால் ஓடத்தான் முடியவில்லை.

காலை 5.30-க்கு கேட் திறப்பார்கள், ஆனால் பெண்கள் விடுதிக் கதவு 6 மணிக்குத்தான் திறக்கும். 8 மணிக்கு லேப். சாயங்காலம் 5 முதல் 7 வரை கால்பந்து அணிக்குப் பயிற்சி. அவர்கள் மைதானத்தில் ஆடட்டும், டிராக் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டால் பந்து மேலே படும், பொறுப்பு எடுக்க முடியாது என்கிறார்கள். 7 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். விடுதிக்குள் போக வேண்டிய நேரம் 7.30. கோடிகளில் செலவழித்த டிராக்கில் ஒரு பெண் தினமும் ஓடக் கிடைக்கும் நேரம் காலையில் ஒன்றரை மணி நேரம், அதுவும் நடப்பவர்களோடு முட்டிமோதி.

கேலரிக்கு அடியில் உடை மாற்ற அறை கட்டினார்கள். பெண்கள் அறைக்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில். அலுவலகம் 9.30-க்குத் திறக்கும். கழிப்பறை 400 மீட்டர் தள்ளி அகாடமிக் பிளாக்கில் (ஒரு சுற்று ஓடி வந்துவிடலாம் என்று நாங்களே சிரித்துக்கொள்வோம்).

வாத்தியார் சார், உங்கள் குழுவில் எத்தனை பெண்கள்? விடுதி வார்டனை ஒரு கூட்டத்துக்காவது கூப்பிட்டீர்களா? டிராக்குக்கும் கால்பந்துக்கும் நடுவில் நல்ல உயரத்தில் வலை, இரண்டு கோலுக்குப் பின்னாலும் முழு அகலத்துக்கு வலை. போட்டி நாளில் கழற்றி வைக்கலாம். இது இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். கீப்பர் அண்ணாவும் லேன் நாலு அண்ணாவும் அடித்துக்கொள்வதில் பாதி தீரும்.

---

கௌதம்புரம் கீப்பர்

வலைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆறு மீட்டர் உயரமாவது வேண்டும். எங்கள் பையன்கள் கோலுக்கு மேலேதான் அதிகம் அடிக்கிறார்கள்.

---

காலை ஐந்து மணி

ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் தினமும் நடக்கிறேன். "நடப்பவர்களோடு முட்டிமோதி" என்று அந்தப் பெண் எழுதியதைப் பார்த்தேன். நாங்கள் என்ன வேண்டுமென்றா முட்டுகிறோம்? டாக்டர் நட என்கிறார். ரோட்டில் நடந்தால் நாய், பைக், குழி. டிராக்கில் நடந்தால் உங்களுக்கு இடைஞ்சல். மாதக் கட்டணம் கட்டித்தான் நடக்கிறோம்.

---

லேன் நாலு

பெரியவரே, நடப்பதில் யாருக்கும் கோபம் இல்லை. எந்த லேனில் என்பதுதான். எல்லோரும் முதல் லேனில் நடக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் 400 மீட்டர், கணக்கு சுலபம். ஓடுபவர்களுக்கும் அதே லேன்தான் வேண்டும். அதனால் எந்த டிராக்கிலும் முதல் லேன்தான் முதலில் தேய்கிறது. மற்ற ஏழும் புதுசு போல இருக்கும்போதே மொத்தத்தையும் பெயர்த்துப் போட வேண்டியதாகிவிடும்.

எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டர். அங்கே எட்டு சுற்று நடந்தால் 3,600 மீட்டருக்கு மேல். முதல் லேனில் ஒன்பது சுற்றுக்குச் சமம். உங்களுக்கு ஒரு சுற்று லாபம், எங்களுக்கு ஒரு லேன் லாபம். ஏழும் எட்டும் நடப்பவர்களுக்கு, ஐந்தும் ஆறும் மெதுவாக ஓடுபவர்களுக்கு, ஒன்றும் இரண்டும் நேரம் பார்த்து ஓடுபவர்களுக்கு மட்டும் என்று நுழைவாயிலிலேயே பெரிதாக எழுதிவைத்தால் போதும். எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். எதிர்ப்பக்கமாக நடப்பவர்கள்தான் உண்மையிலேயே ஆபத்து.

---

காலை ஐந்து மணி

நாங்கள் கோயில் பிரகாரம் சுற்றுகிற திசையில் சுற்றிப் பழகிவிட்டோம். சரி, எட்டாவது லேனுக்குப் போகிறேன். இப்படி யாரும் விவரம் சொன்னதில்லை, விசில்தான் ஊதினார்கள்.

---

தார்க்கலவை

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) பற்றியும் பலகையில் எழுதுங்கள். சிந்தெடிக் டிராக்கில் ஆணி நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை. மண் டிராக்கில் ஓடிய பழைய ஷூவை அப்படியே போட்டுக்கொண்டு வருவார்கள். 13 மில்லிமீட்டர் ரப்பரில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு கல்லூரி விழாவுக்கு டிராக் மேல் மேடை போட, ஜெனரேட்டர் வண்டி நிறுத்த அனுமதி கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். லாரி குறுக்கே போக ஒரே ஒரு வழி, அதற்கு மேல் விரிக்கப் பலகை, இதையும் திட்டத்திலேயே வையுங்கள்.

---

வேதியியல் வாத்தியார்

ஹாஸ்டல்வாசிக்கு: குழுவில் ஒன்பது பேர், பெண் ஒருவர். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விடுதி வார்டன்களையும் அழைக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

புல்லைப் பற்றி இன்னும் குழப்பம் தீரவில்லை. எங்கள் தோட்டத் துறை செயற்கைப் புல்தான் வேண்டும் என்கிறது. காரணம் தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை யாரும் மறக்கவில்லை.

---

லேன் நாலு

அன்றைக்குத் தடை குடிநீருக்குத்தான். உங்கள் வளாகத்தில் விடுதி இருக்கிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கும். அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று கேளுங்கள். விடுதியில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தால் பெர்முடா புல் மைதானத்துக்குத் தண்ணீர் கண்டுபிடிக்க முடியும். செயற்கைப் புல் வெயிலில் தோசைக்கல். ஏப்ரல் மதியம் அதில் விழுந்து சறுக்கியவனின் முழங்காலைப் பார்த்திருக்கிறீர்களா?

---

கௌதம்புரம் கீப்பர்

இதில் நான் தம்பியோடு இல்லை. நல்ல புல் என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் இயற்கைப் புல் வாரத்துக்கு 15, 20 மணி நேரம் ஆட்டம்தான் தாங்கும். பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணி, பெண்கள் அணி, துறைகளுக்கு இடையிலான போட்டி, ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் என்று நாலு பக்கமும் ஆடுவார்கள். இரண்டாவது மாதமே கோல் முன்னால் மண் தெரியும். அப்புறம் "புல் வளர்கிறது, உள்ளே வராதே" என்று கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டிய மைதானத்தால் யாருக்கு என்ன பயன்? செயற்கைப் புல் என்றால் மழை நின்ற பத்து நிமிடத்தில் ஆடலாம். வருடத்தில் பல மாதம் சாயங்கால மழை பெய்யும் ஊர் இது.

ஆனால் ஒன்று. போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று விற்கிறவன் சொல்வான், நம்பாதீர்கள். நூலுக்கு நடுவில் இருக்கும் மணலும் ரப்பர் தூளும் ஆட ஆட ஒரு பக்கமாக ஒதுங்கும். வாராவாரம் பிரஷ் போட்டு இழுக்க வேண்டும். பெனால்டி புள்ளி, கோல் வாய், கார்னர் இந்த மூன்று இடத்திலும் தூளை மறுபடி நிரப்ப வேண்டும். செய்யாவிட்டால் எட்டு வருடம் வர வேண்டியது நாலு வருடத்தில் மொட்டையாகும். நான் இன்றைக்குக் காசு கொடுத்து விளையாடுகிற ஒரு டர்ஃப் (வாடகைச் செயற்கைப் புல் திடல்) அப்படித்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் காசு மட்டும் குறையவில்லை.

---

தார்க்கலவை

அந்த ரப்பர் தூள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. மழையில் கால்வாய்க்குப் போய் அடைக்கும். ஐரோப்பாவில் நுண்பிளாஸ்டிக் என்று 2031 அக்டோபரோடு இதன் விற்பனைக்குத் தடை வருகிறது. செயற்கைப் புல்தான் என்று முடிவானால் கால்வாய் வாயில் வடிகட்டித் தொட்டி வையுங்கள்.

---

ஹாஸ்டல்வாசி

எறிபவர்களை யாருமே கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறதே. என் அறைத்தோழி வட்டு எறிகிறாள். அவளுக்கு இப்போதே வளாகத்தில் இடம் கிடையாது, பஸ் பிடித்துப் போகிறாள்.

---

லேன் நாலு

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். செயற்கைப் புல் என்றால் எறிதலுக்கு வேறு எங்காவது ஒரு மண் திடல், கூண்டோடு. 80-க்கு 60 மீட்டர் இருந்தாலும் மாணவர் அளவில் பயிற்சிக்குச் சமாளிக்கலாம். வாத்தியார் சார், பழைய செம்மண் மைதானத்தையே இடிக்கப்போகிறீர்களா, அல்லது புதியது வேறு இடமா?

---

வேதியியல் வாத்தியார்

புதியது வேறு இடம். பழைய மைதானத்தில் கார் நிறுத்துமிடம் வருவதாக இருக்கிறது.

---

லேன் நாலு

அப்படியென்றால் சண்டை போட வேண்டிய இடம் அதுதான். கார் நிறுத்தத்தில் பாதியை எறிதலுக்கு வாங்கிவிடுங்கள்.

---

கிராமத்துக் கோடு

நான் உங்கள் பக்கத்து ஊர்க்காரனாகக்கூட இருக்கலாம். தேவனஹள்ளிப் பக்கம். எங்கள் ஊர்ப் பையன்கள் விடியற்காலை ஹைவே ஓரத்தில் ஓடுகிறார்கள். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 வினாடிக்குள் வந்தால்தான் முழு மதிப்பெண். 400 மீட்டர் டிராக்கில் அது சரியாக நாலு சுற்று, சுற்றுக்கு 82 வினாடி. ரோட்டில் ஓடிப் பழகுபவனுக்கு எங்கே வேகம், எங்கே களைப்பு என்றே தெரிவதில்லை, நேராகத் தேர்வு நாளில்தான் டிராக்கைப் பார்க்கிறான். சுவர் கட்டின இடமெல்லாம் முன்பு நாங்கள் மாடு மேய்த்த இடம். வாரத்துக்கு இரண்டு காலை, இரண்டு மணி நேரம் கேட் திறந்தால் போதும்.

---

சும்மா பார்ப்பவன்

திறந்தால் பாட்டில், சிகரெட் துண்டு, டிராக்கில் பைக். பார்த்திருக்கிறேன்.

---

கிராமத்துக் கோடு

திறக்காவிட்டால் சுவரேறிக் குதிப்பார்கள். அப்போது பேர் எழுதி வாங்க ஆள் இருக்காது. எங்கள் ஊர் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் பட்டியல் கொடுப்பார், அடையாள அட்டை போட்டுக்கொடுங்கள். பாட்டில் போடுகிறவன் விடியற்காலை 5 மணிக்கு ஓட வரமாட்டான்.

---

காலை ஐந்து மணி

இதை நான் வழிமொழிகிறேன். எங்கள் மைதானத்தில் குப்பை போடுவது வெளியாட்கள் இல்லை, சனிக்கிழமை கார்ப்பரேட் மேட்ச் ஆடுகிறவர்கள்தான். தண்ணீர் பாட்டில் மலைபோல் கிடக்கும்.

---

வேதியியல் வாத்தியார்

கூட்டம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

100-க்கு 64 ஒப்புக்கொண்டார்கள். ஆலோசகரே மூலை அளவைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கேலரி 3,000-லிருந்து 800 ஆகிறது. மிச்சப் பணத்தில் வலை, விளக்கு, கேலரிக்கு அடியில் வெளியே திறக்கும் கழிப்பறைகள். வார்டன் அம்மா ஒருவர் வந்து பத்து நிமிடம் பேசினார். விடுதிக் கதவு 5.15-க்குத் திறக்கும் என்று அங்கேயே எழுத்தில் வாங்கிவிட்டார். ஒன்பது பேரும் சேர்ந்து மூன்று மாதத்தில் செய்யாதது அது.

புல் விஷயத்தில் செயற்கைதான் ஜெயித்தது. கீப்பர் சார் வாதத்தை அப்படியே வைத்தேன். எறிதலுக்குப் பழைய மைதானத்தில் பாதி கேட்டேன். கால்வாசி தருவதாக எஸ்டேட் அதிகாரி சொல்கிறார், அதுவும் "பார்க்கலாம்" என்று. கிராமத்துப் பையன்களுக்கு வாரம் இரண்டு நாள் என்பதைப் பதிவாளர் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் பரிசீலனை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், விடமாட்டேன்.

இன்னொரு சிக்கல். மட்ட வரைபடம் வந்துவிட்டது. மைதானம் கிழக்கு-மேற்காகப் போட்டிருக்கிறார்கள், ரோட்டுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று. தென்கிழக்கு மூலை வடமேற்கைவிட 1.9 மீட்டர் தாழ்வு.

---

கௌதம்புரம் கீப்பர்

கிழக்கு-மேற்கா? சாயங்காலம் 5 மணிக்கு மேற்கே பார்த்து நிற்கும் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டுதான் பந்து பிடிக்க வேண்டும். நீள அச்சு வடக்கு-தெற்காக இருக்க வேண்டும், ஓட்டத்துக்கும் அதேதான். ரோட்டுக்கு அழகாகத் தெரிவதற்குத்தான் அந்த நீலக் கூரை இருக்கிறதே.

---

தார்க்கலவை

நானும் அதையே சொல்ல வந்தேன். திருப்பினால் மட்டக் கணக்கும் மாறும். 1.9 மீட்டரைச் சமப்படுத்த ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்புவார்கள். நிரப்பிய பக்கம் வருடக்கணக்கில் அமரும், அதன் மேல் டிராக்கின் வளைவு வந்தால் விரிசல் நிச்சயம். அடுக்கு அடுக்காக 20 செ.மீ. போட்டு ரோலர் ஓட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் இறுக்கச் சோதனை அறிக்கை கேளுங்கள். முடிந்தால் நிரப்பிய மண்ணை ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கள். கால்வாயின் கடைசி வாய் எந்த மட்டத்தில், எங்கே போய் விழுகிறது என்று வரைபடத்தில் போட்டிருக்கிறார்களா? அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

வேதியியல் வாத்தியார்

போட்டிருக்கிறார்கள். அம்புக்குறி எங்கள் வளாகச் சுவர் வரைக்கும் வருகிறது, அங்கே நின்றுவிடுகிறது. படம் நாளைக்குப் போடுகிறேன்.

---

கிராமத்துக் கோடு

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ராகி வயல் சார்.